கள்ளனுக்குக் கட்டிய கம்பி

களக்காட்டு வாழைத் தோட்டமோ, ராதாபுரம் பக்கத்துக் கிணற்றடியோ, களவு என்று வந்துவிட்டால் யாராவது ஒருத்தர் யோசனை சொல்வார்: “ராத்திரி மட்டும் கம்பியில கரண்டை விட்டு வையும், ஒரு பய வரமாட்டான்.” சொன்னவர் போய்விடுவார். கேஸ் விழுவதோ கம்பி கட்டினவர் மேல்தான்.

சொத்தைக் காக்கும் தற்காப்பு உரிமை சட்டத்தில் உண்டு. ஆனால் பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 37-வது பிரிவுப்படி, தேவைக்கு மேல் ஒரு அடிகூட அடிக்கக் கூடாது. உயிர் போனாலும் குற்றமில்லை என்பதெல்லாம் 41-வது பிரிவு சொல்லும் வழிப்பறி, இரவில் வீட்டை உடைத்துப் புகுதல், கட்டடத்துக்குத் தீ வைத்தல், உயிர்பயம் உண்டாக்கும் திருட்டு போன்றவற்றுக்குத்தான். வாழைத்தார் வெட்டுவது இதில் சேராது. அதோடு, எவ்வளவு தீங்கு தேவை என்று அந்த நேரத்தில் எடைபோட ஆள் வேண்டும். கம்பிக்கு அது தெரியாது.

1963-இல் உச்ச நீதிமன்றம் தீர்த்த செருபின் கிரெகரி வழக்கு இதேதான். பீகாரில் ஒருவர் தன் கழிப்பறைக்குப் போகும் வழியில் மின்கம்பி கட்டினார். பக்கத்து வீட்டுப் பெண் கைபட்டு இறந்தார். அத்துமீறி வந்தவர்தானே என்ற வாதம் எடுபடவில்லை. அன்று தண்டனை பழைய சட்டத்தின் 304ஏ-யில், அதாவது கவனக்குறைவால் சாவு உண்டாக்கியதற்கு. இன்று அது புதுச் சட்டத்தில் 106(1), 5 ஆண்டு வரை சிறை. சாவு வரும் என்று தெரிந்தே வைத்தார் என்று போலீஸ் 105 போட்டால் 10 ஆண்டுக்குப் போகும். சாகாமல் பலத்த காயம் என்றாலும் 125-இல் 3 ஆண்டு வரை உண்டு.

ஃபியூஸ் போய்விடும் என்று நம்பாதீர்கள். 230 வோல்ட்டில் உடம்பு வழியே ஓடுவது கால் ஆம்பியருக்கும் கீழே. 16 ஆம்பியர் ஃபியூஸுக்கு அது தூசு, இதயம் நிற்க அது போதும். கையும் இறுகிக்கொள்ளும், விட முடியாது. கிணற்று மோட்டார் கேபிளை அறுத்துத் திருடுகிறவனோ கரண்ட் இல்லாத நேரம் பார்த்துத்தான் வருவான். கரண்ட் வந்ததும் தண்ணி பாய்ச்ச வருகிற ஆள்தான் மாட்டுவார்.

மதில்மேல் கண்ணாடிச் சில்லு வேறு விஷயம், பார்த்தாலே தெரியும். வரப்பில் மண்போட்டு மறைத்த ஆணிப்பலகையோ கரண்ட் கம்பி மாதிரியே பொறிதான்.

சோலார் வேலி போடலாம். வேலிக்குக் கரண்டைத் துடிப்புத் துடிப்பாக அனுப்பும் பெட்டிதான் எனர்ஜைசர், தரச்சான்று உள்ளதாக வாங்குங்கள்: ஒரு துடிப்பு அதிகபட்சம் 5 ஜூல், இரண்டு துடிப்புக்கு நடுவே ஒரு நொடியாவது இடைவெளி, அந்த இடைவெளியில்தான் கை விடுபடும். அதனாலேயே முள்கம்பியில் கொடுக்கக் கூடாது, துணி மாட்டி ஆள் சிக்கினால் அடி மேல் அடி விழும். வேலியின் எர்த் கம்பி மோட்டார் எர்த்திலிருந்து 10 மீட்டராவது தள்ளி இருக்கட்டும். 10-க்கு 20 சென்டிமீட்டர் மஞ்சள் பலகையில் இரண்டு பக்கமும் எச்சரிக்கை எழுதி, கேட்டிலும் ஒற்றையடிப் பாதை வரும் இடத்திலும் கட்டுங்கள். காப்புக்காட்டை ஒட்டிய நிலமென்றால் தமிழ்நாட்டின் 2023 மின்வேலி விதிப்படி வனத்துறை அனுமதியும் வேண்டும்.

கேபிளை மட்டும் காக்க வேலியே வேண்டாம். பிவிசி பைப்புக்குள் விட்டு இரண்டடி ஆழத்தில் புதைத்து, மோட்டார் ரூம் வாசலில் ஆள் அசைந்தால் எரியும் சோலார் லைட் ஒன்று போட்டால் போதும்.