தொண்டை கட்டியிருக்கிறது என்று சொன்னேன்

"தம்பிக்குத் தொண்டை கட்டியிருக்கு ஐயா, பேச முடியாது." நான் சொன்னது இவ்வளவுதான். ஐயர், அதாவது எங்கள் சபைப் போதகர், உடனே நம்பினார். நம்பாமல் இருக்க என்ன இருக்கிறது? வாலிபர் முகாமின் கடைசி ராத்திரி என்றால் பாதிப் பிள்ளைகளுக்குப் பாடிப் பாடிக் குரல் போயிருக்கும். எல்லாருக்கும் எளிதில் செல்லுபடியாகும் காரணம் அது. அதனால்தான் என் வாயில் அத்தனை சீக்கிரம் வந்தது என்று நினைக்கிறேன்.

பையன் பிளஸ் ஒன். முந்தைய வருஷம் இதே ராத்திரியில் ஆண்டவர் தன் வாழ்க்கையில் செய்ததை மேடையேறிச் சாட்சியாக அவன் சொன்னபோது கேட்டவர்களில் பலர் அழுதார்கள், நான் உட்பட. அதனாலேயே இந்த வருஷமும் அவன் பெயரை யாரும் யோசிக்காமல் பட்டியலில் எழுதியிருந்தார்கள். சாயங்காலம் சாப்பாட்டு வரிசையில் என் பின்னால் வந்து நின்றுகொண்டு சொன்னான்: "அண்ணே, என் பேரை எடுத்துருங்க. போன வருஷத்துக்கு அப்புறம் ஒண்ணுமே இல்ல. ஜெபம் பண்றேன், வசனம் வாசிக்கிறேன், யாரும் கேக்குற மாதிரியே தெரியல. மேடையில ஏறி ஆண்டவர் என்கூடப் பேசினார்னு சொன்னா பொய்யாயிரும்லாண்ணே."

இந்த மாதிரி ஒரு பிள்ளை வந்தால் நான் முதலில் கேட்பது தூக்கத்தைப் பற்றி. சாப்பாடு இறங்குகிறதா, வழக்கமாகப் பிடித்த விஷயங்கள் இப்போதும் பிடிக்கிறதா, செத்துப்போகலாம் என்று தோன்றுகிறதா என்பதையும் சுற்றி வளைக்காமல் கேட்டுவிடுவேன். பதினாறு வயசில் மனச்சோர்வும் ஆவிக்குரிய வறட்சியும் வெளியிலிருந்து பார்க்க ஒன்றுபோலவே இருக்கும். முன்னதுக்கு டாக்டர் வேண்டும்; அவசரத்துக்கு 14416 என்ற டெலி மானஸ் எண், அரசின் மனநல உதவி எண், இருக்கிறது. வேதாகமத்தில் எலியா தீர்க்கதரிசி சூரைச்செடியின் கீழே உட்கார்ந்து சாகவேண்டும் என்று கேட்டபோது தேவதூதன் பிரசங்கம் பண்ணவில்லை. அடையும் தண்ணீரும் கொடுத்தான், தூங்கவிட்டான், மறுபடியும் எழுப்பிச் சாப்பிடச் சொன்னான். ஓரேப் மலையில் ஆண்டவரோடு பேச்சு அதற்கு அப்புறம்தான். இதை ஆசிரியர் பயிற்சிக் கூட்டங்களில் சொன்னால் எல்லாரும் தலையாட்டுவார்கள். பிள்ளைகளிடம் போய் "என்ன பாவம் செஞ்ச?" என்றுதான் ஆரம்பிப்பார்கள்.

இவன் நன்றாகத் தூங்கினான், நன்றாகச் சாப்பிட்டான், சாயங்காலம் வாலிபாலும் ஆடினான். ஆண்டவர் மட்டும்தான் இல்லை.

ஏசாயா 59:2 அவனுக்கு மனப்பாடம். "உங்கள் அக்கிரமங்களே உங்களுக்கும் உங்கள் தேவனுக்கும் நடுவாகப் பிரிவினை உண்டாக்குகிறது." யார் சொல்லிக்கொடுத்தார்கள் என்று நான் கேட்கவில்லை, கேட்கவும் தேவையில்லை. எங்கள் ஊர்ப் பிள்ளைகள் எல்லாருக்கும் அது தெரியும். இவன் ஒரு நோட்டில் தன் பாவங்களையெல்லாம் எழுதி, ஒவ்வொன்றாக அறிக்கை செய்து, பக்கங்களைக் கிழித்துப் போட்டிருக்கிறான். அப்புறமும் ஒன்றும் நடக்கவில்லை. அப்படியானால் இன்னும் கண்டுபிடிக்காத பாவம் ஏதோ இருக்கவேண்டும் என்பது அவன் கணக்கு. அந்த வசனம் யாருக்குச் சொல்லப்பட்டது என்று அதே அதிகாரத்தை மேலே வாசித்தால் தெரியும். கைகளில் இரத்தக்கறை, பொய் பேசும் உதடு, நியாயத்தைப் புரட்டுகிற ஊர். கெமிஸ்ட்ரி டியூஷனுக்குப் போய்வரும் பையனின் ராத்திரி ஜெபத்துக்கு அதை மருந்துச்சீட்டாக எழுதிக் கொடுப்பது எனக்குச் சம்மதமில்லை.

வரிசையை விட்டு வெளியே வந்து, தட்டோடு உட்கார்ந்து, வேதாகமத்தில் 88ஆம் சங்கீதத்தைக் காட்டினேன். மற்ற புலம்பல் சங்கீதங்கள் பெரும்பாலும் கடைசியில் துதிக்குத் திரும்பிவிடும். எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர் என்று கேட்கிற 13ஆம் சங்கீதம்கூடப் பாடுவேன் என்றுதான் முடிகிறது. கோராகின் புத்திரர் என்ற ஆலயப் பாடகர்களின் இந்தச் சங்கீதம் திரும்புவதே இல்லை. பதினெட்டாம் வசனத்தோடு இருட்டிலேயே நின்றுவிடுகிறது. யாரும் அதை வேதாகமத்திலிருந்து எடுத்துப் போடவில்லை. அன்னை தெரசாவைப் பற்றியும் சொன்னேன். ஏறக்குறைய ஐம்பது வருஷம் ஆண்டவர் தன்னோடு இல்லை என்ற உணர்வோடுதான் அந்த அம்மா அத்தனை வேலையும் செய்தார் என்பது, அவர் இறந்து பத்து வருஷம் கழித்து 2007இல் அவருடைய கடிதங்கள் புத்தகமாக வெளிவந்தபோதுதான் உலகத்துக்குப் பரவலாகத் தெரிந்தது. "அவங்க ஆர்.சி.லாண்ணே" என்றான், கத்தோலிக்கர், நம்ம சபை இல்லையே என்கிற மாதிரி. சிரித்துவிட்டோம். ஆனாலும் கேட்டுக்கொண்டான்.

"இப்படி இருக்கிறது தப்பு இல்லப்பா. இதைச் சபையில மறைக்கவும் வேண்டாம்" என்று சொன்னேன். இதே வார்த்தைகளில் சொன்னேன். சிக்கலே இங்கேதான்.

சாப்பாடு முடிந்து கை கழுவும் இடத்தில் ஐயர் கேட்டார்: "தம்பி பேர் ஏன் அடிச்சிருக்கு?"

ஐயரைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். மென்மையான மனிதர். உண்மையைச் சொல்லியிருந்தால் திட்டியிருக்க மாட்டார். அவனை முன்னால் கூப்பிட்டு முழங்கால் போடச் சொல்லி, தலையில் கை வைத்து அரை மணி நேரம் பாரத்தோடு ஜெபித்திருப்பார். கீபோர்டுக்காரத் தம்பி மெதுவாகப் பின்னால் வாசித்துக்கொண்டிருப்பான். அந்த அரை மணி நேரத்தில் எதையாவது உணர்ந்தே ஆகவேண்டிய கட்டாயம் பையனுக்கு. எதைப் பொய் என்று பயந்து மேடை வேண்டாம் என்றானோ, அதே பொய்யை முழங்காலில் இருந்து சொல்லவேண்டி வந்திருக்கும். அதிலிருந்துதான் காப்பாற்றினேன் என்று எனக்கே பலமுறை சொல்லிக்கொண்டிருக்கிறேன். தவிர, அவன் என்னிடம் தனியாகச் சொன்னது. அதை நான் வெளியே சொல்லக்கூடாது.

"அவன் இன்னைக்குப் பேசல ஐயா" என்று மட்டும் சொல்லியிருக்கலாமே என்று என் மனைவி கேட்டாள். சொல்லியிருக்கலாம். ஆனால் எங்கள் பக்கம் மாட்டேன் என்பதற்கு ஒரு காரணம் வேண்டும். கல்யாணத்துக்கு வராததற்கும் சரி, சபைக் கூட்டத்தில் பாடாததற்கும் சரி, உடம்பு சரியில்லை என்றால் எல்லாரும் விட்டுவிடுவார்கள். மனசில்லை என்றால் வீட்டுக்கே வந்துவிடுவார்கள்.

அப்புறம் நடந்ததைத்தான் நான் எதிர்பார்க்கவில்லை. சாட்சி நேரம் ஆரம்பிக்கும் முன் ஐயர் மைக்கில் சொன்னார்: "நம்ம தம்பிக்குத் தொண்டை சரியில்ல. எல்லாரும் அவனுக்காக ஒரு நிமிஷம் ஜெபிப்போம்." மொத்தக் கூட்டமும் கண்ணை மூடி அவன் தொண்டைக்காக ஜெபித்தது. பிறகு சமையலுக்கு வந்திருந்த ஒரு அக்கா பனங்கற்கண்டும் மிளகும் தட்டி ஒரு டம்ளரில் கொண்டுவந்து கொடுத்தார். அவன் நல்ல பிள்ளை, வாங்கிக் குடித்தான். நன்றி சொல்லக்கூட வாயைத் திறக்க முடியாமல் தலையை மட்டும் ஆட்டினான்.

ராத்திரி படுக்கப் போகும்போது என்னிடம் வந்தான். கோபமில்லை, கிண்டலும் இல்லை. "பொய் சொல்லக்கூடாதுன்னுதாண்ணே பேரை எடுக்கச் சொன்னேன்" என்றான்.

"சரி, போய்ப் படு" என்றேன்.

சில நாள் அவன் பக்கம் எல்லா நியாயமும் இருப்பதாகத் தோன்றுகிறது. மறைக்கவேண்டாம் என்று சொல்லிக் கொடுத்தவனே ஒரு மணி நேரத்துக்குள் மறைத்துக் காட்டினால், அவன் எதைக் கற்றுக்கொள்வான்? சபையில் இதற்கு இடம் இல்லை என்பதைத்தானே? வேறு சில நாள், பதினாறு வயசுப் பையனை ஒரு கூட்டத்தின் நடுவே நிறுத்தாமல் விட்டதற்காக நான் எதற்கு வருத்தப்படவேண்டும் என்றும் தோன்றுகிறது. அதே ஐயர், அதே கேள்வி, அதே இடம் என்றால் இன்றைக்கும் தொண்டையைத்தான் சொல்வேன் என்று நினைக்கிறேன். அப்படி நினைப்பது அவனுக்காகவா, நிகழ்ச்சி கெடாமல் முடியவேண்டும் என்பதற்காகவா என்று கேட்டால், இரண்டும் இருந்தன. எது எவ்வளவு என்று பிரிக்க முடியவில்லை.

அடுத்த வருஷத்திலிருந்து சாட்சி நேரத்துக்குப் பெயர்ப் பட்டியல் போடுவதை நிறுத்தினோம். விருப்பமுள்ளவர்கள் வரலாம், வராதவர்கள் உட்கார்ந்திருக்கலாம். ஒருமுறை அந்த நேரத்தில் 88ஆம் சங்கீதத்தை மட்டும் வாசிக்க வைத்தேன். முடிந்ததும் சபை நிர்வாகம் பார்க்கும் சேகரக் கமிட்டி அண்ணாச்சி ஒருவர், "கடைசி நாள் ராத்திரி பிள்ளைகளைச் சந்தோஷமா அனுப்புங்க தம்பி" என்றார். அவர் சொல்வதிலும் தப்பில்லை.

பையன் இப்போது கோயம்புத்தூரில் படிக்கிறான். லீவில் வந்தால் கோயிலுக்கு வருகிறான், பாட்டெல்லாம் பாடுகிறான், அப்பமும் ரசமும் வாங்கும் திருவிருந்துக்கு மட்டும் எழுந்து போவதில்லை. போன கிறிஸ்துமஸுக்கு அவன் அம்மா என்னைப் பிடித்துக்கொண்டார். "உங்ககிட்டதான் அவன் பேசுவான். ஏன் போகமாட்டேங்கான்னு கேட்டுச் சொல்லுங்க தம்பி." கேட்கிறேன் அக்கா என்றேன். இன்னும் கேட்கவில்லை. கேட்டால் உள்ளதைச் சொல்லிவிடுவான். அந்த அக்காவிடம் போய் நான் என்ன சொல்வது?