முன்பல் உடையறதுக்கு கிரவுண்ட் மட்டும் காரணம் இல்லைங்க

ஸ்போர்ட்ஸ் டே பிராக்டிஸ் ஆரம்பிச்சா போதும், எங்க கிளினிக்குக்கு கர்சீஃப்ல வாயப் பொத்திக்கிட்டு பசங்க வர ஆரம்பிச்சிருவாங்க. முக்காவாசி மேல் வரிசை நடுப்பல்லு ரெண்டுல ஒண்ணுதான் அடிபட்டிருக்கும். வயசு எட்டுல இருந்து பன்னண்டு. பையனுங்கதான் அதிகம், ஆனா கபடி, கோகோன்னு இப்ப பொண்ணுங்களும் எறங்கி ஆடறதால அவங்களும் வர்றாங்க.

கூட வர்ற அப்பா "எப்பட்றா விழுந்த"ன்னு அவனப் போட்டுத் திட்டிட்டிருப்பார். நான் மொதல்ல பாக்கறது உதட்டத்தான். சும்மா இருக்கறப்ப ரெண்டு உதடும் ஒட்டுதா, இல்ல மேல்பல்லு வெளிய தெரியுதான்னு. விழறப்ப மொத அடிய வாங்கற மெத்தை உதடுதான், அது பல்ல மூடலைன்னா அடி நேரா பல்லுல எறங்கிரும். கீழ்ப்பல்லவிட மேல்பல்லு 3 மில்லிமீட்டருக்கு மேல முன்னாடி தள்ளியிருந்தா அடிபடற வாய்ப்பு கிட்டத்தட்ட ரெண்டு மடங்குன்னு, பழைய ஆய்வுங்களையெல்லாம் சேத்துப் பாத்து 1999லயே எழுதிட்டாங்க.

ஆனா நம்ம வீடுங்கள்ல எத்துப்பல்லுன்னா அது அழகு சமாச்சாரம். பொண்ணா இருந்தா "பெரியவளாகட்டும் டாக்டர், கல்யாணத்துக்கு முன்னாடி கம்பி போட்டுக்கலாம்"பாங்க, பையன்னா அந்தப் பேச்சே வராது. பல்லு உடையற வயசு அதுக்கெல்லாம் ரொம்ப முன்னாடியே வந்துட்டுப் போயிருது. ஏழுல இருந்து பதினொண்ணு வயசுக்குள்ளயே பல்ல உள்ள தள்ற சிகிச்சை எடுத்தா முன்பல் அடிபடறது கொறையுதுன்னு காக்ரேன் தொகுப்பு (மருத்துவ ஆய்வுங்களைச் சேத்து அலசி வெளியிடற அறிக்கை) சொல்லுது. மத்தபடி டீனேஜ்ல ஒரே தடவையா பண்ணிக்கிறவங்களுக்கும் இவங்களுக்கும் கடைசில பெரிய வித்தியாசம் இல்லையாம், அதனால எல்லாருக்கும் இப்பவே கம்பின்னு நான் சொல்ல வரல. ரொம்பத் தூக்கலா இருக்கற, ஒரு எடத்துல நிக்காம ஓடிட்டே இருக்கற புள்ளைன்னா ஒருதடவ காட்டிருங்க. நாலஞ்சு வயசு தாண்டியும் வெரல் சூப்பறது, வாயாலயே மூச்சு விடறது இதையும் கவனிங்க, பல்லு தள்றதுல அதுங்களுக்கும் பங்கு இருக்கு.

கிரவுண்டுலதான் உடையும்னும் இல்ல. ஸ்கூல் கொழாயில குனிஞ்சு தண்ணி குடிக்கறப்ப பின்னாடி இருந்து ஒருத்தன் தள்ளுவான், பல்லு கொழாயில இடிக்கும். ஸ்கூட்டர்ல முன்னாடி நிக்க வெச்சுக் கூட்டிட்டுப் போறது இன்னொண்ணு, சடன் பிரேக் போட்டா புள்ள வாய் நேரா ஹேண்டில்பார்லதான். மழைக்காலத்துல வழுக்கற டைல்ஸ் வராண்டா. அப்புறம் பல்லால சோடா மூடி தொறக்கறது, அது ஒரு வீரம்!

இதுல எனக்கு நெஜமாவே கோவம் வர்ற எடம் "பால் பல்லுதானே, விழுந்து மொளச்சிரும்"ங்கறதுதான். ஏழெட்டு வயசுலயே நடுப்பல்லு ரெண்டும் நெலையான பல்லா வந்துரும்ங்க, இனி மொளைக்க ஒண்ணும் இல்ல. அந்த வயசுல வேர் முழுசா வளந்திருக்காது, உள்ள இருக்கற நரம்பு செத்துட்டா வேர் வளர்றதும் அப்படியே நின்னுரும்.

நெலையான பல்லு முழுசா பிடுங்கிட்டு வந்துட்டா வேரத் தொடாம தலைப்பக்கம் (வாயில வெளிய தெரியற பக்கம்) புடிங்க, மண்ணா இருந்தா தண்ணியில லேசா அலசி (தேய்க்கக் கூடாது) அந்தக் குழியிலயே வெச்சு, ஒரு துணியக் கடிச்சிக்கச் சொல்லுங்க. பயமா இருந்தா பால்ல போட்டு அரை மணி நேரத்துக்குள்ள கொண்டு வந்துருங்க. டிஷ்யூல சுத்திக் கொண்டு வந்தா வேர்மேல இருக்கற செல் காஞ்சு செத்துரும். பால் பல்லா இருந்தா திரும்ப வைக்கவே கூடாது, கீழ இருக்கற பல்லு கெட்டுப்போகும். உடைஞ்ச துண்டு கெடைச்சா அதையும் தூக்கிப் போடாதீங்க, பல நேரம் ஒட்ட வெச்சிரலாம்.

ஒருதடவ அடிபட்ட புள்ளைக்கு திரும்பவும் அடிபடற வாய்ப்பு அதிகம், அதனால கபடி டீம்ல இருந்தா மவுத் கார்டு (பல்லு மேல மாட்டிக்கற பாதுகாப்பு உறை) ஒண்ணு அளவெடுத்துப் போட்டுருங்க. வலியே இல்லைன்னாலும் செக்கப்புக்கு வாங்க, சில பல்லு மாசக்கணக்குல சும்மா இருந்துட்டு அப்புறம்தான் கறுக்கும்.