நிமிர்ந்து பார்த்தாலே நாக்கு ஒட்டிக்கொள்ளும்

சென்னைப் புத்தகக் காட்சி 1977-இல் தொடங்கியது, என்னைவிட மூத்தது. நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. மைதானத்தில் நான் பல வருடமாகப் படிக்கும் எழுத்தாளர் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து பேப்பர் கப்பில் டீ குடித்துக்கொண்டிருப்பார், வரிசையில் நின்று மனப்பாடம் செய்ததெல்லாம் அவர் நிமிர்ந்ததும் காணாமல் போய் "சார், நான் உங்க பெரிய ரசிகன்" என்பது மட்டும்தான் வரும். ஒருமுறை வேறொருவர் எழுதிய கதையை அவரிடமே புகழ்ந்து தொலைத்தேன், மனிதர் சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார்.

இந்த முறை சரி, ரசிகன் வேலையெல்லாம் வேண்டாம் என்று, ஒரே ஒரு கதையைச் சொல்லி அந்தப் பாட்டி ஏன் கடைசிவரை வாயே திறக்கவில்லை என்று கேட்டேன். டீயைக் கீழே வைத்துவிட்டு "உட்காருங்க" என்றார். பின்னால் வரிசை முணுமுணுத்தது. பத்து நிமிடம் பேசினோம். செல்ஃபி எடுக்க மறந்துவிட்டேன், வீட்டில் யாரும் நம்பவில்லை.