உச்சி வெயிலில் மட்டும் ஓடிய கேபிள்

பன்னிரண்டு நாட்கள். கேபிள் அலுவலகத்துக்கு நான்கு நடை, பழுது பார்க்கும் கடைக்கு ஒரு நடை, ஓட்டோக் கூலி தனி. கடைசியில் பிடிபட்டது என் சுண்டுவிரல் நீளம்கூட இல்லாத ஓர் இணைப்பு. கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன்.

எங்கள் வீடு திருகோணமலை டைக் வீதிப் பக்கம். கொல்லைக்குப் பின்னால் கடல். மார்கழி மழை ஓய்ந்து, பொங்கலுக்கு முந்திய வாரம் வில்லங்கம் தொடங்கியது. மாலை ஆறரை மணியானால் பட்டியலின் கடைசியில் இருக்கும் சனல்களில் புள்ளி விழும். ஏழு மணிக்குள் ஒவ்வொன்றாக நீலத் திரையாகிவிடும். அம்மா பார்க்கும் தொடர் நாடகங்கள் எல்லாம் அந்தக் கடைசிப் பகுதியில்தான் இருந்தன. முன்பகுதியில் இருந்த செய்திச் சனல்கள் கல்லுப்போல் நின்றன. மறுநாள் காலை பத்து மணிக்குத் தொலைக்காட்சிப் பெட்டியைப் போட்டால் எல்லாமே பளிச்சென்று ஓடும்.

நான் செய்த முதல் பிழையைச் சொல்லிவிடுகிறேன். இரண்டாம் நாள் மாலை, சனல்கள் போயிருந்த நேரத்தில், ரிமோட்டை எடுத்துத் தானியங்கித் தேடலை அழுத்தினேன். அந்த நிமிடத்தில் எந்தச் சனலுக்குச் சிக்னல் இருக்கிறதோ அதை மட்டும் பதிந்துகொண்டு, பழைய பட்டியலை முழுதாக அழித்துவிட்டது பெட்டி. 74 சனல்கள் 31 ஆயின. மறுநாள் வெயில் ஏறிச் சிக்னல் திரும்பிய பிறகும் அந்தச் சனல்கள் வரவில்லை, ஏனென்றால் இப்போது பெட்டிக்கு அவை இருப்பதே தெரியாது. திரும்பத் தேடும்போது மெனு ‘அன்ரெனாவா, கேபிளா’ என்று கேட்டதைக் கவனிக்காமல் அன்ரெனாவைத் தெரிவு செய்து இன்னும் ஒரு மணித்தியாலத்தை வீணாக்கிய பிறகுதான் பழைய பட்டியல் திரும்பியது. சனல் போனால் தேடலைத் தொடாதீர்கள். முதலில் மெனுவில் நீலத் திரையை அணைத்துப் பாருங்கள். புள்ளிக்கு நடுவே உருவம் தெரிந்தால் சிக்னல் மெலிந்துதான் வருகிறது, பெட்டி குருடாகவில்லை என்று அர்த்தம்.

அலுவலகத்துக்குப் போன முதல் நாள் போயா, பௌர்ணமி விடுமுறை. பூட்டியிருந்த கதவைப் பார்த்துவிட்டுத் திரும்பினேன். அது என் மறதி. இரண்டாம் தடவை, மேசையிலிருந்த பையன் இணைப்பு அட்டையை வாங்கிப் பார்த்தான்.

“இது ஐயாவின் பெயரில் இருக்கிறது அக்கா. அவர் வந்து சொன்னால்தான் புகார் பதியலாம்.”

“அப்பா காலமாகி ஆறு வருடம், தம்பி.”

“அப்படியென்றால் மரணச் சான்றிதழின் பிரதியும் பெயர் மாற்ற ஒரு கடிதமும் தாருங்கள்.”

ஆறு வருடமாக மாதக் கட்டணம் வாங்க வீட்டுக்கு வருகிறவர் ஒரு நாளும் அப்பாவைத் தேடியதில்லை. வாசலில் நின்று வாக்குவாதப்பட்டு, கடைசியாகக் கட்டிய பற்றுச்சீட்டைக் காட்டித்தான் புகார் பதிவானது. பழைய பற்றுச்சீட்டுகளை எறியாதீர்கள்.

மறுநாள் பகல் பதினொன்றரைக்கு ஆள் வந்தார். உச்சி வெயில். எல்லாச் சனலும் தேர்த்திருவிழாபோல் ஓடிக்கொண்டிருந்தன. நான் வேலைக்குப் போயிருந்தேன். அம்மா தேநீர் கொடுத்து, அவர் நீட்டிய கடதாசியில் கையெழுத்தும் போட்டுக் கொடுத்துவிட்டார். ‘பழுது சரி செய்யப்பட்டது’ என்று அதில் எழுதியிருந்ததை மூன்றாம் தடவை அலுவலகத்தில்தான் கண்ணால் கண்டேன். அம்மாவின் கையெழுத்து, திகதி, எல்லாம் சரியாக இருந்தன. புகார் முடிந்துபோன புகார். “ஒருவேளை மான் வயரை இழுத்திருக்குமோ?” என்று அந்தப் பையன் யோசனை வேறு சொன்னான். எங்கள் ஊர் மான்கள் பஸ் நிலையம்வரை வந்து வாழைப்பழத் தோல் தின்னும், உண்மைதான். பன்னிரண்டு அடி உயரக் கம்பத்தில் ஏறும் மானை நான் இன்னும் காணவில்லை.

“உங்கள் பெட்டியில்தான் கோளாறு” என்று அவர்கள் அடித்துச் சொன்னதால் அதையும் தூக்கிக்கொண்டு கடைக்குப் போனேன். இரண்டு நாள் வைத்திருந்துவிட்டு, சனல் பிடிக்கும் பகுதியை மாற்ற வேண்டியிருக்கும் என்றார்கள். பார்த்த கூலி 1,500 ரூபாய். மாற்றச் சம்மதிக்காமல் கொண்டுவந்தது நான் செய்த ஒரே புத்தியான காரியம். அன்றிரவே பக்கத்து வீட்டு மாமியின் சிறிய பெட்டியைக் கொண்டுவந்து எங்கள் வயரில் பூட்டினேன். அதிலும் அதே சனல்கள் இல்லை. எங்கள் பெட்டியை அவர் வீட்டில் பூட்டினோம், அத்தனையும் வந்தன. பத்து நிமிட வேலை. இதை முதல் நாளே செய்திருந்தால் அந்த 1,500 ரூபாய் கையில் இருந்திருக்கும்.

அதன்பின் நாட்காட்டித் தாளைக் கிழித்துக் கிழித்து அதன் பின்புறத்தில் நேரம் குறித்தேன். போனது 6.40, வந்தது 9.15. போனது 6.25, வந்தது 9.50. மப்பாக இருந்த ஒரு நாள் பகல் முழுவதும் வரவேயில்லை. இந்தத் தாள்களோடு நான்காம் தடவை போனபோது மேசைப் பையன் அசையவில்லை. விறாந்தையில் தேநீர் குடித்துக்கொண்டிருந்த வயதான லைன்காரர் ஒருவர்தான் எழுந்து வந்து தாள்களை வாங்கிப் பார்த்தார். “இருட்டோடு போய் வெயிலோடு வருகிறதென்றால் மூட்டு ஈரம் குடிக்கிறது, பிள்ளை. வேலை முடிந்து அந்தப் பக்கமாகத்தான் போவேன். ஏழு மணிக்கு நில்லுங்கள்.”

சொன்னபடி வந்தார். முதலில் பெட்டியின் மின்செருகியைக் கழற்றச் சொன்னார். கேபிள் முனையின் உலோகத்தைத் தொட்டால் சிலநேரம் சுள்ளென்று பிடிக்குமாம். நான் டோர்ச் பிடிக்க, ஏணியில் ஏறினார். கூரை விளிம்பின் கீழ், பழைய வயரோடு புதிய வயரை இணைத்த இடத்தில் கறுப்பு டேப் சுற்றியிருந்தது. அதைப் பிரித்ததும் கோலமாவு போல் வெள்ளைத் தூள் என் முகத்தில் கொட்டியது. வயருக்குள் நடுக்கம்பியைச் சுற்றியிருக்கும் பின்னலின் அலுமினியம் கடலுப்பில் அரித்துப்போய் அப்படி உதிர்கிறதாம். நடுக்கம்பியின் செப்பு பாசி பிடித்ததுபோல் பச்சை. உப்பு இராக் காற்றின் ஈரத்தை இழுக்கிறது, பகல் வெயில் அதைக் காயவைக்கிறது. ஈரத்தில் முதலில் அடிபடுவது உயர்ந்த அதிர்வெண் சனல்கள். எங்கள் பெட்டி அதிர்வெண் வரிசையிலேயே பதிவதால்தான் பட்டியலின் வால் மட்டும் போயிருக்கிறது.

ஒரு சாண் வெட்டினார், பின்னல் உள்ளே இன்னும் கறுப்பு. இன்னொரு சாண், அதுவும் கறுப்பு. மூன்றாவது வெட்டில்தான் கம்பி மினுங்கியது. புது கனெக்டர் போட்டு, வயரைச் சுவருக்குள் நுழையுமுன் ஒரு முழம் கீழே தொங்கவிட்டு மேலே ஏற்றினார். மழைநீர் அந்தத் தொய்விலிருந்து சொட்டிவிடும், உள்ளே ஓடாது. வீட்டுக்குள், சிக்னலை மூன்றாகப் பிரிக்கும் ஒரு ஸ்பிளிற்றரும் அகப்பட்டது. அப்பா இருந்த காலத்தில் அறைப் பெட்டிக்காகப் போட்டது. ஒரே பெட்டிக்கு வந்த சிக்னலில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் இத்தனை வருடமாக அதில் வீணாகியிருக்கிறது. அதையும் கழற்றி எறிந்தார்.

பிறகுதான் தேடலை அழுத்தினோம். 76. எனக்கே தெரியாத இரண்டு சனல்கள் கூடுதலாக!

மறுநாள் பகல் பன்னிரண்டு மணிக்கு அலுவலகத்திலிருந்து ஒரு பையன், வேலை முடிந்ததாகக் கையெழுத்து வாங்கக் கடதாசியோடு வந்திருக்கிறான். அம்மா தேநீர் கொடுத்தாராம், கையெழுத்துக் கொடுக்கவில்லை.

“ஏழு மணிக்கு வாரும் தம்பி,” என்றாராம். “நாடகம் வருகிறதா என்று பார்த்துவிட்டுப் போட்டுத் தருகிறேன்.”