வெள்ளவத்தையிலிருந்து இரத்மலானைக்கு

கும்மிடிப்பூண்டி அகதி முகாமில் பிறந்து வளர்ந்த நான் 2016 ஆம் ஆண்டு இலங்கையின் கட்டுநாயக்கா விமான நிலையத்தில் வந்து இறங்கியபோது, பெற்றோர் எந்நேரமும் ‘ஊர்’ என்று சொல்லிவந்த நாடு எனக்கு முற்றிலும் புதிய நாடாகவே இருந்தது. சென்னையிலுள்ள இலங்கைத் துணை உயர் ஸ்தானிகராலயத்தில் பிறப்பைப் பதிந்து குடியுரிமைச் சான்றிதழ் பெற்றிருந்தேன். ஆனால், சென்னையின் அடுக்குமாடிக் குடியிருப்புகளில் வயரிங், குழாய், மோட்டார் என்று எட்டு ஆண்டுகள் பார்த்த வேலைக்கு ஒரு துண்டுக் காகிதமும் என்னிடம் இல்லை.

கொழும்பின் கடலோரப் பகுதியான வெள்ளவத்தையில் ஒரு தொடர்மாடியின் பராமரிப்பு வேலை கிடைத்தது. சென்னையில் முதலாளியைக் குறிக்கும் ‘பாஸ்’ என்ற சொல் இங்கே கைவேலைக்காரரைக் குறிக்கும் என்பதையும், தண்ணீர்த் தொட்டியைத் ‘தாங்கி’ என்று சொல்ல வேண்டும் என்பதையும் முதல் வாரத்திலேயே கற்றேன். உப்புக் காற்று மேல்மாடி இணைப்புப் பெட்டிகளின் திருகாணிகளை அரித்துவிடும். அவற்றை மாற்றுவதே பாதி வேலை. யாராவது அழைத்தால் போவேன், பழுதைத் தீர்ப்பேன், அந்த வீட்டு அக்கா தரும், பால் சேர்க்காத பிளேன்டீயைக் குடித்துவிட்டு அடுத்த மாடிக்கு ஏறுவேன்.

2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்தது. ஒருநாள் மின்சாரம் திரும்பியபோது மின்சாரத்தைக் கொண்டுவரும் மூன்று கம்பிகளான பேஸ்களில் ஒன்று வராததால், இரண்டு பேஸில் ஓடிய தண்ணீர்ப் பம்பின் மோட்டார் கருகிவிட்டது. பேஸ் குறைந்தால் மோட்டாரை நிறுத்தும் காப்புக் கருவி அங்கே பொருத்தப்பட்டிருக்கவில்லை. புதிய மோட்டாருடன் அதையும் நான் பொருத்துவதைப் பார்த்துக்கொண்டிருந்த ஐந்தாம் மாடி ஐயா, தொழிற்சாலையொன்றில் பணியாற்றி ஓய்வுபெற்ற பொறியியலாளர். “தம்பி, இதைத் தெரிந்தவர் ஏன் வீடுகளோடு நின்றுவிட்டீர்?” என்று கேட்டார்.

என்னிடம் சான்றிதழ் இல்லை என்றபோது, தேசிய தொழிற்றகைமையை முன்கற்றல் அங்கீகாரத்தின் வழியாகவும் பெறலாம் என்று அவரே விளக்கினார். செய்த வேலைகளின் சான்றுகளைக் கோப்பாகத் தொகுத்து, மதிப்பீட்டாளர் முன் வேலையைச் செய்து காட்ட வேண்டும். கோப்புதான் என்னைத் தடுமாற வைத்தது. சென்னையில் செய்த எதற்கும் புகைப்படமோ கடிதமோ இல்லாததால், தொடர்மாடி முகாமைத்துவக் குழுவின் கடிதத்தையும் ஆறு ஆண்டுக் கொழும்பு வேலையையும் மட்டும் வைத்தே மின்வினைஞருக்கான மூன்றாம் மட்டத்தைப் பெற்றேன். முகாம்களிலிருந்து திரும்பும் தம்பிமார் தாங்கள் செய்யும் ஒவ்வொரு வேலைக்கும் ஒரு படமும் ஒரு கையெழுத்தும் வாங்கி வைத்துக்கொள்ளுமாறு வேண்டிக் கேட்கிறேன்.

2023 இல் கொழும்புக்குத் தெற்கே இரத்மலானையில் ஒரு தொழிற்சாலையின் பராமரிப்புப் பிரிவில் சேர்ந்தேன். கைக்கருவிகள் பெரும்பாலும் நான் ஏற்கெனவே பழகியவைதான். பழக்கங்களைத்தான் மாற்ற வேண்டியிருந்தது. வீடுகளில் மெயினை நிறுத்தினால் ஆட்கள் முகம் சுளிப்பார்கள் என்று, மின்சாரம் இருக்கும்போதே வேலை செய்யும் கெட்ட பழக்கம் எனக்கு இருந்தது. முதல் மாதம் ஒரு பனலை அப்படித் திறந்தபோது மேற்பார்வையாளர் என் கையைப் பிடித்து நிறுத்தி, ஒரு சிவப்புப் பூட்டையும் என் பெயர் எழுதிய அட்டையையும் தந்தார். பிரேக்கரை அணைத்துப் பூட்டி, சாவியைச் சட்டைப்பையில் வைத்து, மின்சாரம் இல்லை என்பதைச் சோதித்த பிறகே கை வைக்க வேண்டும். அந்தப் பூட்டை வேறு எவரும் திறக்கக் கூடாது. வயர்களின் நிறங்களும் அப்படியே. பழைய கட்டட வயரிங்கில் நீலம் பேஸ், கறுப்பு நியூட்ரல் (மின்சாரம் திரும்பும் கம்பி). புதிதாக இறக்குமதியான இயந்திரத்திலோ நீலம் நியூட்ரல், கறுப்பு பேஸ். இரண்டும் ஒரே கூரையின் கீழ் இருக்கும் இடத்தில் நிறத்தை நம்புகிறவர் உயிரைப் பணயம் வைக்கிறார். கூடுதலாகக் கிரீஸ் இட்டால், மோட்டாரின் சுழலும் தண்டைத் தாங்கும் பெயாரிங் நீடித்து உழைக்கும் என்று நம்பியிருந்தேன். அளவு மீறினால் அது சூடேறிக் கெடும் என்பதையும் இங்கேதான் அறிந்தேன்.

மொழியே எனக்குப் பெரிய சிரமம். பதிவேடு சிங்களத்தில் எழுதப்படுவதால், மூத்த தொழிலாளி ஒருவர் மதிய இடைவேளைகளில் எனக்கு எழுத்துச் சொல்லித் தந்தார். மோட்டாரின் மீது திருப்புளியை ஊன்றி, அதன் பிடியைக் காதில் வைத்து, “மல்லி, சத்தே அஹன்ன” என்பார். தம்பி, சத்தத்தைக் கேள் என்பதே அதன் பொருள். ‘சத்தே’ என்ற சொல்லை நான் மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை.

சென்ற ஆண்டு இரவு முறையொன்றில், கம்பிரசர் மோட்டாரின் ஒரு முனையில் மெல்லிய கரகரப்பு எனக்குக் கேட்டது. பிழையோடு சிங்களத்தில் பதிவேட்டில் எழுதினேன். ஞாயிற்றுக்கிழமை கழற்றிப் பார்த்தபோது, பெயாரிங்கின் குண்டுகளைத் தாங்கும் கூட்டில் வெடிப்பு விழுந்திருந்தது. மாற்றி முடிக்கப் பின்னேரம் ஆகிவிட்டது. வெள்ளவத்தையாக இருந்தால் யாராவது பிளேன்டீ தந்திருப்பார்கள். இங்கே திங்கட்கிழமை காலை வந்தவர்களுக்கு ஏதோ நடந்தது என்பதே தெரியாது. ஏழு மணிக்கு அந்த மோட்டார் வழக்கம்போல் ஓடத் தொடங்கியது, நான் அதன் பக்கத்தில் சற்று நேரம் நின்று கேட்டுவிட்டுக் கொழும்புக் கோட்டைக்குப் போகும் ரயிலைப் பிடிக்கப் போனேன்.