அப்பாவின் துப்பாக்கி உரிமத்தை என் பெயருக்கு மாற்றிய கதை

மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்துத் தோட்டக்காரர் வீடுகளில் பயிர்ப் பாதுகாப்புக்கும் தற்காப்புக்கும் என்று முறையாக உரிமம் பெற்ற ‘12 போர்’ (12-bore என்ற குழல் அளவுள்ள) துப்பாக்கிகள் இன்றும் இருக்கின்றன. அவற்றை வைத்திருப்பவர்களில் பலர் எழுபதைக் கடந்தவர்கள். உரிமம் வாங்கிய காலத்தில் அவர்கள் அறிந்த விதிகளுக்கும் இன்று நடைமுறையில் இருக்கும் விதிகளுக்கும் பெரிய வேறுபாடு உண்டு. என் தந்தையாரின் இரட்டைக்குழல் துப்பாக்கியை என் பெயருக்கு மாற்ற அண்மையில் அலைந்தபோது தெரிந்துகொண்டவற்றை, அதே நிலையில் இருக்கும் மற்றக் குடும்பங்களுக்குப் பயன்படட்டும் என்று எழுதுகிறேன்.

அடிப்படைச் சட்டம் 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம். அதன்கீழ் 1962-இல் வந்த விதிகளே அரை நூற்றாண்டுக்கு மேல் நீடித்தன. 2012-இல் உரிமங்களைத் தேசியத் தரவுத்தளத்தில் ஏற்றி, ஒவ்வொரு உரிமதாரருக்கும் தனி அடையாள எண் வழங்கத் தொடங்கினார்கள். அந்த எண் இல்லாத உரிமம் 2015 அக்டோபர் 1 முதல் செல்லாது என்று முதலில் கெடு வைத்து, பிறகு ஒரு முறைக்கு மேல் அதை நீட்டித்தார்கள். 2016 ஜூலையில் பழைய விதிகள் மொத்தமாக நீங்கிப் புதிய ஆயுத விதிகள் வந்தன. 2019-இன் சட்டத் திருத்தம் ஒருவர் மூன்று துப்பாக்கிகள் வரை வைத்திருக்கலாம் என்பதை இரண்டாகக் குறைத்தது. மூன்றாவதை ஓராண்டுக்குள் ஒப்படைக்கச் சொன்னது. உரிமக் காலத்தை மூன்று ஆண்டிலிருந்து ஐந்தாக உயர்த்தியது. உரிமம் இல்லாமல் துப்பாக்கி வைத்திருப்பதற்கான தண்டனையும் குறைந்தது இரண்டு ஆண்டு, அதிகபட்சம் ஐந்து ஆண்டு சிறை என்று கடுமையாயிற்று. இவற்றில் எதைப் பற்றியும் எங்கள் வீட்டுக்கு ஒரு கடிதம் வந்ததில்லை. மாற்றங்கள் ஒவ்வொன்றும் நியாயமானவை என்றே நான் நினைக்கிறேன்; ஆனால் உரிமதாரர்களின் முகவரி அத்தனையும் அரசின் கையில் இருக்கும்போது, கெடு தவறினால் குற்றமாகிவிடக்கூடிய ஒரு செய்தியை அவர்களுக்கு அஞ்சலில் தெரிவிக்காமல் இருப்பது சரியல்ல.

எங்களுக்கு முதல் சிக்கல் அந்தத் தரவுத்தளத்தில்தான் வந்தது. அப்பாவின் உரிமப் புத்தகம் துணி ஒட்டிய அட்டை போட்ட பழைய புத்தகம். புதுப்பித்த முத்திரைகள் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறியிருக்கும். தோட்டா வாங்கிய ஒவ்வொரு முறையும் கடைக்காரர் தேதியும் எண்ணிக்கையும் எழுதிக் கையெழுத்திட்டிருப்பார். அதில் துப்பாக்கியின் எண்ணை எழுதிய எழுத்தர் ‘1’ என்ற இலக்கத்துக்குத் தலையில் நீளமாக ஒரு கொக்கி போட்டிருந்ததால், கணினியில் ஏற்றியவர்கள் அதை ‘7’ என்று ஏற்றிவிட்டார்கள். துப்பாக்கியைக் காவல் நிலையத்துக்கு எடுத்துச் சென்று, குழலின் அடியில் பொறித்திருக்கும் எண்ணை எண்ணெய்த் துணியால் துடைத்துக் காட்டி, ஆய்வாளரிடம் எழுத்துமூலம் சான்று பெற்ற பிறகுதான் திருத்தம் நடந்தது. பழைய புத்தகம் வைத்திருப்பவர்கள் பெயர் மாற்றத்துக்கு மனுக் கொடுக்கும் முன்பே இதை ஒருமுறை சரிபார்த்துக்கொள்வது நல்லது.

இரண்டாவது சிக்கல், வாரிசுக்கு மாற்றுவது உரிமதாரர் இறந்த பிறகுதான் முடியும் என்று அலுவலகத்தில் சொன்னது. 2016 விதிகளின் 25-ஆம் விதி அப்படிச் சொல்லவில்லை. உரிமதாரருக்கு எழுபது வயது நிறைந்தாலோ, அந்தத் துப்பாக்கியை அவர் இருபத்தைந்து ஆண்டுகள் வைத்திருந்தாலோ, அவர் இருக்கும்போதே சட்டப்படியான வாரிசுக்கு உரிமம் வழங்கலாம். அப்பாவுக்கு எழுபது கடந்துவிட்டது. அந்த விதியின் அரசிதழ்ப் பக்கத்தை அச்செடுத்து மனுவோடு இணைத்த பிறகு யாரும் மறுப்புச் சொல்லவில்லை. வாரிசு என்பதற்காகச் சோதனை எதுவும் குறைவதில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். ஏ-1 படிவத்தில் விண்ணப்பம், உடல்நலத்தோடு மனநலத்தையும் மருத்துவர் சான்றளிக்கும் எஸ்-3 படிவம், பாதுகாப்பாகக் கையாளும் பயிற்சியை முடித்ததற்கான எஸ்-1 சான்று, வீட்டில் துப்பாக்கியைப் பத்திரமாக வைப்பதற்கான உறுதிமொழி, உடன்பிறந்தவர்களின் ஆட்சேபணையின்மைக் கடிதம் எல்லாமே கேட்டார்கள். ஒரு கொலைக் கருவியைக் கையில் கொடுக்கும் முன் இவ்வளவும் கேட்பதுதான் முறை.

அதிக நாள் பிடித்தது காவல்துறை அறிக்கை. இங்கே சட்டத்தின் 13-ஆம் பிரிவை மனுதாரர் ஒவ்வொருவரும் படித்திருக்க வேண்டும். காவல் நிலையத்திலிருந்து குறித்த காலத்துக்குள் அறிக்கை வராவிட்டால், உரிமம் வழங்கும் அதிகாரி பொருத்தமெனக் கருதினால் அதற்குக் காத்திராமலே உத்தரவு பிறப்பிக்கலாம் என்று அது சொல்கிறது. அதேபோல 14-ஆம் பிரிவின்படி, போதிய சொத்து இல்லை என்பதை மட்டும் காரணமாகக் காட்டி ஒருவருக்கு உரிமம் மறுக்க முடியாது. மறுத்தால் காரணத்தை எழுத்தில் பதிய வேண்டும். மேல்முறையீட்டுக்கு 18-ஆம் பிரிவு வழி தருகிறது. இவற்றை அலுவலரிடம் வாதமாக வைக்காமல், பிரிவு எண்ணைக் குறிப்பிட்டுப் பணிவாக ஒரு நினைவூட்டல் மனு எழுதிக் கொடுத்து, ஒப்புகைச் சீட்டு வாங்கிக்கொண்டேன். கோப்பு அதன் பிறகுதான் நகர்ந்தது.

உரிமதாரர் இறந்துவிட்ட வீடுகளின் நிலை இன்னும் கவனத்துக்குரியது. உரிமம் அவரோடு முடிந்துவிடுகிறது. துப்பாக்கி பரணில் இருக்கும் ஒவ்வொரு நாளும் வீட்டிலிருப்பவர்களுக்கு ஆபத்துதான். 21-ஆம் பிரிவின்படி தேவையற்ற தாமதமின்றி அருகிலுள்ள காவல் நிலையத்திலோ, உரிமம் பெற்ற துப்பாக்கிக் கடையிலோ அதை ஒப்படைத்து ரசீது வாங்கிவிட வேண்டும். வட்டாட்சியரிடம் வாரிசுச் சான்றிதழ் பெறுவது, யார் பெயருக்கு மாற்றுவது என்று குடும்பத்தில் பேசுவது எல்லாம் அதற்குப் பிறகு நடக்கலாம். யாருக்கும் வேண்டாம் என்றால், அங்கிருந்தபடியே உரிய அனுமதியோடு விற்றுவிடவும் முடியும்.