எழுபது வளைவும் இரண்டு ப்ளக்கும்

கொல்லிமலைக்குக் கீழே காரவள்ளி அடிவாரத்தில் வண்டியை நிறுத்தும்போது காலை ஏழு மணிகூட ஆகவில்லை. டீக்கடைக்காரர் கிளாஸைக் கழுவிக்கொண்டே, "சத்தத்துலயே ராஜ்தூத்னு தெரிஞ்சுபோச்சு சார். எங்க மாமா ஒண்ணு வெச்சிருந்தாரு" என்றார். எந்த ஊருக்குப் போனாலும் இப்படி ஒரு மாமாவோ பெரியப்பாவோ வந்துவிடுகிறார். அதற்காகவே இந்த வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பலாம்.

என்னுடையது ராஜ்தூத் 350. ஜப்பானில் 1973இல் யமஹா ஆர்.டி. 350 என்று வந்த வண்டி. இங்கே 1983இலிருந்து எஸ்கார்ட்ஸ் கம்பெனி செய்து விற்றது. 347 சி.சி., இரண்டு சிலிண்டர், டூ ஸ்ட்ரோக், ஆறு கியர். ஜப்பான் வண்டிக்கு முன்சக்கரத்தில் டிஸ்க் பிரேக் உண்டு, நம் ஊர் வண்டிக்கு டிரம்தான். அந்த வித்தியாசம் என்னவென்று கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில்தான் முழுசாகத் தெரியும்.

முந்தின நாள் ராத்திரி சேலத்தில் வீட்டு வாசலிலேயே உட்கார்ந்து வேலை பார்த்தேன். ப்ளக்கில் தீப்பொறி வரவைக்கும் பாயிண்ட், இரண்டு சிலிண்டருக்கும் தனித்தனி. இடைவெளி 0.3 மி.மீ.க்கும் 0.4க்கும் நடுவில் இருக்க வேண்டும். அப்புறம் பெட்ரோலையும் காற்றையும் கலக்கும் கார்ப்பரேட்டர், சிலிண்டருக்கு ஒன்று. ஏர் ஃபில்டர் ரப்பரைக் கழற்றிவிட்டு இரண்டு வாயிலும் ஆளுக்கொரு விரலை விட்டு, ஆக்சிலேட்டரை மெல்லத் திருகினால் உள்ளே காற்றுக்கு வழிவிடும் ஸ்லைடு எழும்புவது விரலில் தெரியும். இரண்டும் ஒரே நேரத்தில் எழும்ப வேண்டும். வலது ஸ்லைடு ஒரு மயிரிழை பிந்தியது. கேபிளை அரைச் சுற்று திருகியதும் சரியானது. எத்தனை கருவி வந்தாலும் இதற்கு விரலைத்தான் நான் நம்புவேன்.

ராசிபுரம், பேளுக்குறிச்சி வழியாகக் காரவள்ளி வரை ஒரு குறையும் இல்லை. மலை ஏறத் தொடங்கி முப்பதாவது வளைவு தாண்டியிருக்கும், குரங்குகளுக்காக வேகத்தைக் குறைத்தேன். ஆக்சிலேட்டரை மூடியும் இன்ஜின் சத்தம் இறங்கவில்லை. எதையோ தேடுகிற மாதிரி மேலேயே நின்று, மெதுவாகத்தான் இறங்கியது. உடனே ஓரம் கட்டினேன். போன வருஷம் இதே அறிகுறியைக் கவனிக்காமல் ஓட்டியதில் இடது பிஸ்டன் பிடித்து, சிலிண்டரை 0.25 மி.மீ. குடைந்து போர் செய்ய வேண்டியதாகிவிட்டது. அன்றைக்கு அதன் சுவரில் ஈயம் பூசியது போல அலுமினியம் ஒட்டியிருந்ததை இன்னும் மறக்க முடியவில்லை.

இந்தச் சத்தத்துக்கு அர்த்தம் ஏர் லீக். கார்ப்பரேட்டரைத் தாண்டி எங்கோ வெறும் காற்று உள்ளே போகிறது. காற்று கூடினால் அந்த அளவுக்குப் பெட்ரோல் போதாது. இன்ஜின் சூடேறும், பிஸ்டன் விரிந்து சிலிண்டரைக் கவ்வும். இடது ப்ளக்கைக் கழற்றினேன். சுக்குக் காப்பி நிறத்தில் இருக்க வேண்டியது சுண்ணாம்பாக வெளுத்திருந்தது. ப்ளக்கை மாட்டி ஸ்டார்ட் செய்து, கார்ப்பரேட்டரையும் இன்ஜினையும் சேர்க்கிற ரப்பரைக் கட்டைவிரலால் அடியிலிருந்து அழுத்தினேன். ஐட்லிங் சட்டென்று இறங்கியது. விரலை எடுத்தேன், ஏறியது. மேலிருந்து பார்த்தால் புதுசு போலத்தான் இருந்தது; அடிப்பக்கம் நகம் நுழைகிற அளவு வெடிப்பு.

"ரப்பர் ஒரு செட் பையில இல்லாம மலை ஏறாத தம்பி" என்று எங்கள் மெக்கானிக் அண்ணன் எப்போதும் சொல்வார். சென்னைப் புதுப்பேட்டையில் வாங்கி வைத்த செட் டூல் பையில் இருந்தது. இன்ஜின் ஆற அரை மணி நேரம், மாற்ற இன்னொரு அரை மணி நேரம். போய்க்கொண்டிருந்த ஒரு மினி லாரிக்காரர் நிறுத்தி, ஒன்றும் கேட்காமல் தண்ணீர் பாட்டிலைக் கொடுத்துவிட்டுப் போனார்.

மேலே சோளக்காட்டுச் சந்தையில் பலாச்சுளை, செம்மேட்டில் வல்வில் ஓரி சிலை, மத்தியானச் சாப்பாடு. என் கவலையெல்லாம் இறக்கத்தைப் பற்றித்தான்.

டூ ஸ்ட்ரோக்கில் கியரைக் குறைத்தாலும் ஃபோர் ஸ்ட்ரோக் அளவுக்கு இன்ஜின் இழுத்துப் பிடிக்காது. பாரம் பிரேக்குக்கு வரும். டிரம் சூடாகி விரிந்தால் உள்ளே அழுத்துகிற பிரேக் ஷூ எட்டாது; லீவர் கைப்பிடியை நெருங்கும். இன்னொரு சிக்கல் ஆயில்; பிஸ்டன் பிடிக்காமல் காப்பது அதுதான். இதில் ஆயில் பம்ப் ஆக்சிலேட்டரோடு சேர்ந்து வேலை செய்வது. முழுசாக மூடியே இறங்கினால், இன்ஜின் வேகமாகச் சுற்றும்போதும் குறைந்தபட்ச அளவு ஆயில்தான் போகும். அதனால் இரண்டாவது கியரில், ஒவ்வொரு வளைவுக்கு முன்னாலும் கிளட்சைப் பிடித்து ஒரு முறை ஆக்சிலேட்டரை முறுக்கிவிட்டே இறங்கினேன். பின்னால் மெல்லிய நீலப் புகை. பத்துப் பதினைந்து வளைவுக்கு ஒரு தடவை நிறுத்தி, டிரம் கிட்டே கையைக் கொண்டுபோய்ப் பார்ப்பேன். அனல் அடங்கினால்தான் அடுத்த இறக்கம்.

காரவள்ளிக்கு வந்தபோது சாயங்காலம் ஐந்து. அதே டீக்கடை. இன்ஜின் ஆறும்வரை காத்திருந்து இரண்டு ப்ளக்கையும் கழற்றி பெஞ்சில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். கடைக்காரர் குனிந்து பார்த்து, "எது லெஃப்ட்டு, எது ரைட்டு?" என்றார். எனக்கே சொல்லத் தெரியவில்லை. இரண்டும் ஒரே நிறம்.